நினைவின் சுங்கச்சாவடி

1897இல் பாரிஸிலிருந்து வெளிவந்த ஓர் உளவியல் ஆண்டிதழில் விக்தோர் ஆன்ரி, கத்தரின் ஆன்ரி என்ற தம்பதியர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர்கள் ஒரு கேள்வித்தாள் தயாரித்து அனுப்பியிருந்தார்கள். உங்கள் வாழ்க்கையின் முதல் நினைவு எது? அப்போது உங்களுக்கு என்ன வயது? இப்படிப் போகும் கேள்விகள். 120க்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களில் ஒன்று நூறு வருஷம் தாண்டியும் உளவியல் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

எழுதியவர் ஒரு மொழியியல் பேராசிரியர். அவருடைய முதல் நினைவு மூன்று வயதுக்கும் நாலு வயதுக்கும் நடுவில் நடந்தது. சாப்பாட்டு மேசை போட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு பாத்திரம் நிறையப் பனிக்கட்டி. அவ்வளவுதான் நினைவு. அதே நாட்களில்தான் அவருடைய பாட்டி இறந்திருக்கிறார். பிள்ளை அந்தச் சாவில் ரொம்பவே ஆடிப்போய்விட்டான் என்று பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். பேராசிரியருக்கோ பாட்டியின் சாவு சுத்தமாக ஞாபகம் இல்லை. பனிக்கட்டி மட்டும் இருக்கிறது.

1899இல் சிக்மண்ட் பிராய்டு இந்தப் பதிலை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அற்பமான நினைவு ஒன்று கனமான நினைவை மறைக்கும் திரையாக நிற்கிறது என்பது அவர் வாதம். ஆறு வருஷம் கழித்து, குழந்தைப்பருவத்தின் முதல் சில வருஷங்கள் நமக்கு ஏன் மறந்துபோகின்றன என்பதற்கும் அவர் ஒரு காரணம் சொன்னார்: அந்த வயதின் ஆசைகளை மனம் உள்ளே போட்டு அமுக்கிவிடுகிறது. இந்த விடையை இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. பாட்டி போய், பனிக்கட்டி ஏன் தங்கியது?

இந்தக் கேள்வியை என் ஊரிலிருந்து, 1954ஆம் வருஷத்தை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் அந்த வருஷம் பெரிய விஷயங்களும் நடந்தன, சின்ன விஷயங்களும் நடந்தன. எது யாருக்குத் தங்கியது என்று பார்க்க வசதியான வருஷம்.

*

என் ஊர் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பிள்ளையார்குப்பம். கடலூர் ரோட்டில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று தெரியும். புதுச்சேரியில் பஸ் ஏறி கடலூர் வரைக்கும் ஒருமுறை ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டினால் தமிழ்நாடு. ரெட்டிச்சாவடி கடந்து கிருமாம்பாக்கம் வந்தால் மறுபடியும் புதுச்சேரி. எங்கள் ஊர், கன்னியக்கோயில், முள்ளோடை. அதோடு மறுபடியும் தமிழ்நாடு. ஒரு மணி நேரப் பயணத்தில் மாநிலம் மூன்று முறை மாறும். பிராந்திக் கடை போர்டையும் பெட்ரோல் பங்கில் நிற்கும் கூட்டத்தையும் பார்த்தே எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இந்தத் துண்டு துண்டான வரைபடம் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பதினெட்டாம் நூற்றாண்டில் அடித்துக்கொண்டு பிரித்துக்கொண்டதன் மிச்சம். 1947க்குப் பிறகு ஒரு பக்கம் சுதந்திர இந்தியா, மறுபக்கம் பிரெஞ்சு இந்தியா. ஒரே ஏரிப் பாசனம், ஒரே உறவுமுறை, பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு அந்தப் பக்கம். 1949இல் இரண்டு அரசுகளுக்கும் இடையிலிருந்த சுங்க ஒப்பந்தம் முடிந்தது. இந்திய அரசு பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றிலும் சுங்கக் காவல் போட்டது. மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவில் சாவடி முளைத்தது.

1954இல் காரியங்கள் வேகமாக நடந்தன. மார்ச் 18 அன்று எதுவார் குபேரும் அவரோடு இருந்தவர்களும் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கம் போலீஸ் நிலையத்தைப் பிடித்து மூவண்ணக் கொடி ஏற்றினார்கள். எல்லைக் கெடுபிடி இறுகியது. அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிர்ப்பாக 8. நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு அரசின் சார்பில் பியேர் லாந்தி நிர்வாகத்தை கேவல் சிங்கிடம் ஒப்படைத்தார். சாவடிகள் போயின.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. இதே வருஷத்தில் என் ஆயாவுக்கு நாலு வயது.

*

ஆயாவின் முதல் நினைவு சாவடி. அவர் சொல்வதை அப்படியே தருகிறேன்.

"எங்க மாமா ஊட்டுலேர்ந்து வர்றோம். எங்கம்மா தலையில மூட்ட. அதுல அரிசி இருக்குது. காக்கிச் சட்டக்காரன் ஒருத்தன் கம்பிய எடுத்து சொருவுனான். சர்ருன்னு கொட்டிச்சி. எங்கம்மா ஒண்ணும் பேசல. முந்தானைய விரிச்சிப்போட்டு குந்திக்கினு வாரிச்சி. நானும் பொறுக்குனேன். ரோட்டு மண்ணு கால சுட்டுது. என் கையெல்லாம் மாம்பழப் பிசுக்கு, அரிசி கையில ஒட்டிக்கிச்சி."

மாம்பழப் பிசுக்கு இருப்பதால் கோடைக்காலம். மண் கலந்த அந்த அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஏழெட்டுத் தண்ணீர் விட்டுக் களைந்து சோறாக்கியிருக்கிறார்கள். அப்படியும் பல்லில் நறநறவென்று கடிபட்டதாம். அடுத்த மழைக்காலத்தில் சாவடியை எடுத்துவிட்டார்கள் என்றும் ஆயா சொல்கிறார். அப்படியானால் இது 1954 கோடையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆயாவின் வயதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குப் பிரெஞ்சு நிர்வாகம்தான் காரணம். பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் மேரியில் போய்ப் பதிய வேண்டும். மேரி என்றால் கொம்யூன் நகராட்சி அலுவலகம். பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த என் தாத்தாவுக்கு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உத்தேசமாகப் போட்டுக்கொடுத்த தேதிதான் பிறந்தநாள். ஆயாவுக்கு 1950 பிப்ரவரியில் நாள், நேரம், சாட்சிகளின் பெயர் உட்பட எல்லாம் இருக்கிறது. பிரெஞ்சில், சாய்ந்த கையெழுத்தில்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பத்திர வேலைக்காக அந்தப் பதிவின் நகல் தேவைப்பட்டது. தேடும்போது அதே அப்பா அம்மா பெயரில் இன்னும் இரண்டு பதிவுகள் கிடைத்தன. 1948இல் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. 1954 ஆகஸ்டில், ஆறு வயதில், இறந்திருக்கிறது. ஆயாவுக்கு ஓர் அக்கா. அரிசி கொட்டிய கோடையில் அந்தப் பெண் உயிரோடு இருந்திருக்கிறாள். மூன்று நாலு மாசத்தில் செத்துப்போயிருக்கிறாள்.

ஆயாவிடம் கேட்டேன். ஆச்சரியப்படவில்லை. "ஒருத்தி இருந்தான்னு எங்கம்மா கடைசி காலத்துல ஒரு தபா சொல்லிச்சி. எனக்கு மொகமே தெரியாதுடி" என்றார். அப்புறம், "அரிசி கொட்டுனது நல்லா ஞாபகம் இருக்குது. அவ ஞாபகம் இல்ல பாரேன்" என்று அவரே சொன்னார்.

ஒரே வீடு, ஒரே வருஷம், ஒரே குழந்தை. அரிசி இருக்கிறது, அக்கா இல்லை. ஆன்ரி தம்பதியரின் பேராசிரியரும் பனிக்கட்டியும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கத் தொடங்கின.

*

குழந்தைப்பருவ மறதிக்கு இன்று சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆயாவின் கதையில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் காரணம் மூளை. நம் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி, புது நினைவுகள் உருவாக அவசியமானது. சின்ன வயதில் அங்கே புதிய நரம்பணுக்கள் ஏராளமாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன. டொரண்டோவைச் சேர்ந்த ஷீனா ஜோஸ்லின், பால் ஃபிராங்க்லேண்ட் குழுவினர் 2014இல் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். புது அணுக்கள் வந்து சேரும்போது பழைய இணைப்புகள் குலைகின்றன. எலிக்குட்டி கற்றதை மறக்கிறது. அணுக்கள் முளைப்பதை மட்டுப்படுத்தினால் மறதி குறைகிறது. பிறக்கும்போதே மூளை நன்றாக வளர்ந்திருக்கும் கினிப் பன்றிகளுக்கு இந்த மறதி அவ்வளவாக இல்லை. நாற்றங்காலில் நட்டுக்கொண்டே இருந்தால் பழைய கால்தடம் எங்கே நிற்கும், அந்த மாதிரி. முதல் இரண்டு மூன்று வருஷங்கள் ஏன் ஏறக்குறைய எல்லோருக்கும் வெறுமையாக இருக்கின்றன என்பதை இது ஓரளவு விளக்குகிறது. ஆனால் ஆயா விஷயத்தில் உதவாது. அரிசியும் அக்காவும் ஒரே மூளையில், சில மாத இடைவெளியில் பதிந்தவை.

இரண்டாவது காரணம் மொழி. நியூசிலாந்தில் கேப்ரியல் சிம்காக், ஹார்லீன் ஹேய்ன் இருவரும் 2002இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு மாய இயந்திரத்தைக் காட்டினார்கள். மேலே பெரிய பொம்மையைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கீழே அதே பொம்மை சின்னதாகி வரும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதே பிள்ளைகளிடம் கேட்டார்கள். அதற்குள் அவர்கள் நிறைய வார்த்தைகள் கற்றிருந்தார்கள். ஆனாலும் பார்த்த அன்று எந்த வார்த்தைகள் தெரியுமோ அவற்றை வைத்து மட்டுமே அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார்கள். புதிதாகக் கற்ற வார்த்தை எதுவும் பழைய நினைவுக்குப் போய் ஒட்டவில்லை. பேச்சு வருவதற்கு முன்னால் நடந்ததைப் பின்னால் பேச்சாக்குவது கடினம் என்று இதிலிருந்து தெரிகிறது. இதுவும் ஆயாவுக்குப் பொருந்தாது. நாலு வயதில் 'அரிசி' தெரிந்த பிள்ளைக்கு 'அக்கா' தெரியாமலா இருந்திருக்கும்? அது அதற்கு முன்பே வந்திருக்கும் சொல்.

மூன்றாவது, அதிர்ச்சி. மனதை உலுக்கிய சம்பவங்கள் போட்டோ பிடித்த மாதிரி தங்கிவிடும் என்று ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் இருவரும் 1977இல் எழுதினார்கள். அப்படிப் பார்த்தால் கூடப் படுத்துத் தூங்கிய அக்கா இல்லாமல் போனதுதான் தங்கியிருக்க வேண்டும். தங்கவில்லை.

மிஞ்சுவது நான்காவது காரணம். அது குழந்தையின் தலைக்கு வெளியே, வீட்டுப் பேச்சில் இருக்கிறது.

பாட்ரிசியா பாயர், மரினா லார்கினா இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகள் சமீபத்தில் நடந்ததைப் பற்றித் தாயோடு பேசுவதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளிடம் வெவ்வேறு வயதில் அதே சம்பவங்களைக் கேட்டார்கள். ஐந்திலிருந்து ஏழு வயது வரை பிள்ளைகள் 60 சதவீதத்துக்கு மேல் நினைவு வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில் அது 40 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அதாவது மூன்று வயதில் நடந்தது ஆறு வயதில் இருக்கிறது. ஒன்பது வயதில் காணாமல் போகிறது. அந்த நடு வருஷங்களில்தான் எது தங்கும், எது போகும் என்பது தீர்மானமாகிறது.

எலைன் ரீஸ், ராபின் ஃபிவுஷ் போன்றவர்கள் செய்த ஆய்வுகள் இங்கே வந்து சேர்கின்றன. "அப்புறம் என்ன ஆச்சு? யார் கூட இருந்தாங்க?" என்று கேட்டுக் கேட்டு, பிள்ளை சொன்னதோடு தன் பங்கையும் சேர்த்துக் கதையை வளர்க்கும் தாய்களின் பிள்ளைகள், பிற்காலத்தில் அதிகமாகவும் விரிவாகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். 2000இல் வெளியான இன்னொரு நியூசிலாந்து ஆய்வில், மவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக 33 மாத வயதுக்குப் போகிறது. ஐரோப்பிய வம்சாவளியினருக்கு அது சுமார் 43 மாதம். குடும்பத்தின் பழங்கதையை வாய்வழியாகச் சொல்வதற்கு மவோரிப் பண்பாட்டில் இருக்கும் மரியாதையை ஆய்வாளர்கள் இதற்குக் காரணமாகக் காட்டினார்கள்.

இப்போது ஆயா வீட்டுக்கு வருவோம். அரிசி கொட்டியது அந்த வீட்டில் கதையாகிவிட்டது. முறத்தில் புடைக்கும்போது நாலு அரிசி கீழே விழுந்தாலும் "என்னா, சாவடியா?" என்று யாராவது கேட்பார்களாம். சோற்றில் கல் கடிபட்டால் "சாவடி அரிசி". ஆயாவிடமிருந்து அது என் அம்மாவுக்கு வந்தது, எங்களுக்கும் வந்தது. பால் பாக்கெட் கிழிந்து ஊற்றினாலும் எங்கள் வீட்டில் 'சாவடி'தான். எழுபது வருஷமாக அந்த நினைவுக்கு வாரம் ஒருமுறையாவது யாரோ தண்ணி ஊற்றியிருக்கிறார்கள்.

அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மாவால் பேச முடியவில்லை என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளை செத்தால் புதைத்துவிட்டு வருவார்கள். வருஷா வருஷம் திதி கிடையாது, படையல் கிடையாது. போட்டோ எடுக்கும் வசதியும் இல்லை. பெயரைச் சொன்னால் அம்மா அழுவாள் என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆறு வயதில் ஆயாவுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருந்திருக்கலாம். "அக்கா எங்க?" என்று கேட்டுக்கூட இருக்கலாம். பதில் சொல்ல ஆள் இல்லாத கேள்வியைப் பிள்ளைகள் எத்தனை நாள் கேட்பார்கள்? ஒன்பது, பத்து வயதுக்குள் அவள் போய்விட்டாள். அவளைப் பற்றி மிச்சமிருந்தது மேரியில் இரண்டு பதிவு மட்டும்.

மோரிஸ் ஆல்பவாக்ஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1925இல் எழுதிய புத்தகத்தின் சாரம் இதுதான். மனிதன் தனியாக நினைவு வைத்திருப்பதில்லை. குடும்பமும் ஊரும் தரும் சட்டகத்துக்குள் வைத்துத்தான் நினைக்கிறான். சட்டகம் போனால் நினைவும் போகும். அவர் 1945இல் நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் இறந்தார்.

*

இத்தோடு முடிந்தால் விடை எளிது: பேசினால் தங்கும், பேசாவிட்டால் போகும். ஆனால் பேச்சுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது.

குழந்தை உளவியலின் பெரிய பெயர்களில் ஒருவரான ழான் பியாஜே தன் முதல் நினைவை எழுதியிருக்கிறார். இரண்டு வயது. பாரிஸில் ஷான்ஸெலிஸே வீதியில் ஆயாம்மா அவரைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிப் போகிறாள். ஒருவன் குழந்தையைத் தூக்கப் பார்க்கிறான். அவள் போராடித் தடுக்கிறாள். அவள் முகத்தில் கீறல்கள். போலீஸ்காரர் ஓடிவருகிறார். எல்லாம் கண்ணில் நின்றது. பியாஜேவுக்குப் பதினைந்து வயது ஆனபோது அந்த ஆயாம்மா ஒரு கடிதம் எழுதினாள். சம்பவம் முழுக்கத் தான் கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டு, அப்போது பரிசாகக் கிடைத்த கடிகாரத்தையும் திருப்பி அனுப்பினாள். வீட்டில் கேட்ட கதை பியாஜேவுக்குப் பார்த்த காட்சியாகியிருந்தது. 1995இல் எலிசபெத் லாஃப்டஸ் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். சின்ன வயதில் கடைத்தெருவில் தொலைந்துபோனதாக நடக்காத ஒன்றைக் குடும்பத்தார் வழியாகச் சொல்லவைத்தபோது, பங்கேற்றவர்களில் நாலில் ஒருவர் அதை முழுதாகவோ ஓரளவோ தன் நினைவாக ஏற்றுக்கொண்டார்.

நான் பதிவைப் பற்றிச் சொல்லி ஏழெட்டு மாதம் இருக்கும். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்ணிடம் ஆயா சாவடிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பி, அரிசி, முந்தானை எல்லாம் வழக்கம்போல வந்தன. அப்புறம், "எங்கக்காதான் என் கையப் புடிச்சிக்கினு நின்னா. மண்ணு சுடுதுன்னு அவ கால் மேல ஏறி நின்னேன்" என்றார்.

முன்பு எத்தனையோ தடவை கேட்ட கதை. அதில் அக்கா இருந்ததே இல்லை. 'மண்ணு சுட்டுது' மட்டும் எப்போதும் உண்டு.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு வழியில் பார்த்தால், புதிதாகக் கேட்ட செய்தி பழைய கதைக்குள் தனக்கு இடம் பிடித்துக்கொண்டது. பியாஜேவுக்கு நடந்ததுதான். இன்னொரு வழியும் இருக்கிறது. சரியான துப்புக் கிடைத்தால், போய்விட்டதாக நினைத்த நினைவு திரும்புவது உண்டு. டொரண்டோ குழுவே பின்னர் எலிகளில் அதைப் பார்த்தது; கற்றபோது வேலை செய்த அதே அணுக்களைத் தூண்டியதும் மறந்தது மீண்டது. எழுபது வருஷம் பூட்டிக் கிடந்த கதவை அந்தப் பதிவு திறந்ததா, இல்லாத அறையைக் கட்டிக்கொடுத்ததா? வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை. சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆள் ஆயாவின் அம்மா. அவரும் இல்லை.

வரலாறு எழுதுகிறவளாக நான் இதைக் குறித்துவைத்திருக்கும் முறை இப்படி: முதல் வடிவம், கேட்ட தேதி; இரண்டாம் வடிவம், கேட்ட தேதி; நடுவில் பதிவைப் பற்றிச் சொன்ன தேதி. 1954ஐப் பற்றிய சான்றாக முதல் வடிவத்தைத்தான் பயன்படுத்துவேன். பேத்தியாகக் கேட்டால், இரண்டாவது வடிவத்தைத் திருத்த நான் போவதில்லை. எழுபது வருஷம் கழித்து அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தையைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. இப்போது அவள் பெயரும் எங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை, வீட்டோடு இருக்கட்டும்.

*

குழந்தைக்கு நடப்பது ஊருக்கும் நடக்கிறது. 1954இல் சின்னப் பிள்ளைகளாக இருந்த ஏழு பேரிடம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் பேசினேன். கீழூரில் ஓட்டெடுப்பு நடந்த நாளைத் தன் சொந்த நினைவாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. சாவடி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. சைக்கிளை நிறுத்தி டயரை அழுத்திப் பார்த்தது, வைக்கோல் வண்டியில் கம்பி விட்டது, கல்யாணப் புடவைக்குக் கணக்குக் கேட்டது. ஒருவருக்கு நவம்பரில் கிடைத்த மிட்டாய் ஞாபகம் இருக்கிறது, எதற்குக் கொடுத்தார்கள் என்பது ஞாபகம் இல்லை.

இதில் வியப்பில்லை. சந்தர்நாகூரில் 1949இல் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே 178 பேர் போட்டார்கள். மற்ற வீடுகளில் அன்று சாயங்காலம் அம்மா பிள்ளையிடம் சொல்ல "நானும் போயிருந்தேன்" என்று ஒரு வரி இல்லை. சொல்வதற்கு வீட்டில் ஆள் இருந்த சம்பவம் தங்கியது. பத்திரிகையில் மட்டும் இருந்த சம்பவம் பத்திரிகையோடு நின்றது.

நாட்களுக்கும் இதே கதிதான். ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. ஆனால் ஒப்பந்தத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. வெகுகாலம் அரசு கொண்டாடியது ஆகஸ்ட் 16ஐ. வருஷா வருஷம் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏறும். நவம்பர் 1 அரசு விழாவாக அறிவிக்கப்பட்டது 2014இல்தான். சாவடி போன நாள் எது என்று அறுபது வருஷம் யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சாவடி மட்டும் ஞாபகத்தில் நின்றுகொண்டே இருந்தது.

இதற்கு நேரெதிரான ஒன்றும் எங்கள் கொம்யூனிலேயே இருக்கிறது. தென்பெண்ணையிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க்குப் பங்காரு வாய்க்கால் என்று பெயர். சிங்காரி, பங்காரி என்ற இரண்டு ஆடல் மகளிரோடு இதைச் சேர்த்துக் கதை சொல்வார்கள். கதை எந்த நூற்றாண்டுடையது, எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். வாய்க்கால் தூர்வார வேண்டும், தண்ணீர் எப்போது வரும், மதகு உடைந்திருக்கிறது என்று வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விவசாயம் நடக்காது. அதனால் பங்காரி இருக்கிறாள்.

*

இதைப் படிப்பவர்களில் பலருக்கு 2004 டிசம்பர் 26 அன்று மூன்று நாலு வயது இருந்திருக்கும். சுனாமி உங்களுக்கு ஞாபகம் இருப்பதாகத் தோன்றலாம். அதில் எவ்வளவு நீங்கள் பார்த்தது, எவ்வளவு டிவியில் அடுத்த பத்து வருஷம் ஓடியது என்று பிரித்துப் பாருங்கள். சுலபமாக இருக்காது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்கள் பக்கம் கரையேறியது. அன்றைக்குக் குழந்தையாக இருந்தவர்கள் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்குப் புயல் இருக்கிறது, தம்பிக்கு மெழுகுவத்தி மட்டும் இருக்கிறது. அண்ணனிடம் எல்லோரும் கேட்டார்கள். தம்பி சின்னப் பையன் என்று விட்டுவிட்டார்கள்.

1954இல் நாலு வயதாக இருந்தவர்களுக்கு இப்போது 75 தாண்டிவிட்டது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், "1954 ஞாபகம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "கீழூர் ஓட்டெடுப்புக்கு உங்க அப்பா போனாராமே?" என்றும் கேட்காதீர்கள். கேட்டது அவர் நினைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சின்ன வயசில் யார் வீட்டுக்குப் போவீங்க, எந்த வழியாப் போவீங்க, வழியில் என்ன இருந்தது என்று தொடங்குங்கள். அவர் சொல்வதை முதல் தடவை சொல்லும்போதே தேதி போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த செய்தியை அதற்குப் பிறகு சொல்லுங்கள். கடைசியாக ஒன்று கேளுங்கள்: அப்ப உங்க கூட யார் இருந்தாங்க?